வெள்ளவத்தைக் கடலில் என் வீட்டுப் பை

1

நான் திருச்சியில் இருந்து கொழும்புக்கு வந்து இந்த மாதத்தோடு பன்னிரண்டு வருடம். யாரும் வாழ்த்த வேண்டாம். எனக்கு அந்த நாளை ஞாபகப்படுத்துவது விசா. கணவர் இந்த நாட்டுக்காரர், மகள் இங்கே பிறந்தவள். நான் மட்டும் வருடா வருடம் வரிசையில் நின்று, "இன்னும் இவருடைய மனைவிதான்" என்று காகிதம் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

இந்த முறை கவுண்டரில் ஒரு இளம்பெண். சிங்களத்தில் என்ன வேலை என்று கேட்டாள். வழக்கமாக "வேலை இல்லை" என்று சொல்லிவிடுவேன். அன்றைக்கு ஏதோ ஒரு வீம்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் குப்பையைப் பற்றிப் பாடம் நடத்துகிறேன் என்று என் சிங்களத்தில் சொன்னேன். அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். பக்கத்து நாற்காலிக்காரரையும் கூப்பிட்டுச் சொன்னாள். வெளியே வந்ததும் கணவர் விளக்கினார். சிங்களத்தில் குப்பைக்கும் அசிங்கத்துக்கும் ஒரே சொல், நான் "பற்றி" என்கிற சொல்லை விட்டுவிட்டேனாம். பிள்ளைகளுக்கு அசிங்கம் சொல்லிக்கொடுக்கிறேன் என்று ஆகிவிட்டதாம்.

விசா கொடுத்தார்கள். ஆனால் அந்தச் சிரிப்பு என்னோடு வீட்டுக்கு வந்தது. ஏனென்றால் அந்தக் குப்பைப் பாடத்தால் இந்த வருடம் நான் பட்டது கொஞ்சமில்லை. ஊரில் இருந்து போன் செய்கிறவர்கள் எல்லோரும் "அங்கே பொழுது எப்படிப் போகுது?" என்று கேட்கிறீர்கள். இப்படித்தான் போனது, கேளுங்கள்.

2

வெள்ளவத்தையில் காலி வீதி என்கிற பெரிய சாலையில் இருந்து கடலை நோக்கி வரிசையாகக் குறுக்குத் தெருக்கள் இறங்கும். தெரு முடிந்தால் கடற்கரைச் சாலை, அதைத் தாண்டினால் ரயில் பாதை, அதற்கும் அப்பால் கறுப்புப் பாறைகளும் கொஞ்சம் மணலும். அப்படி ஒரு தெருவில் மூன்றாம் மாடியில் இருக்கிறோம். தெரு முனையில் ஒரு சபைக்குச் சொந்தமான மண்டபம் இருக்கிறது. ஞாயிறு காலையில் அங்கே தமிழ்ப் பிள்ளைகளுக்கு வகுப்பு.

சபைத் தலைவர் மகாதேவா அங்கிள். எழுபது தாண்டியவர். நான் வந்த புதிதில், தெரிந்தவர் யாரும் இல்லாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த காலத்தில், அவரும் அவர் மனைவி செல்வமணி அன்ரியும்தான் என்னை அந்த மண்டபத்துக்கு இழுத்துப் போனார்கள். "உம்மட தமிழ் சினிமாத் தமிழ். பரவாயில்லை, பிள்ளையளுக்கு விளங்கும்" என்றார் அங்கிள். அன்ரி இரண்டு வருடத்துக்கு முன்பு இறந்துபோனார்.

சினிமாத் தமிழால் முதல் மாதமே அடி வாங்கினேன். ஒரு தாயிடம், "உங்க பையன்கிட்ட நேத்து பேசினேன்" என்று பெருமையாகச் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் கறுத்துப்போனது. இங்கே பேசுவது என்றால் திட்டுவது. சாதாரணமாகப் பேசுவதென்றால் கதைப்பது. என் மகள் ஆதிரை இப்போதும் என்னைத் திருத்துகிறாள். அவளுக்குப் பதினொரு வயது. வீட்டில் கொழும்புத் தமிழ், பள்ளிக்கூடத் தோழிகளோடு ஆங்கிலம், கடையில் சிங்களம். என் தமிழை மட்டும் யாராவது உறவுக்காரர் வந்தால் பேசிக்காட்டிச் சிரிப்பாள்.

குப்பைப் பாடத்துக்கு வருகிறேன். வகுப்பில் பதினான்கு பிள்ளைகள், ஆதிரையும் அதில் ஒருத்தி. உக்கும் குப்பை எது, உக்காத குப்பை எது என்று கேட்டேன். நாம் "மக்கும்" என்று சொல்வதை இங்கே "உக்கும்" என்பார்கள். பதினான்கு பேரும் ஒரே குரலில் ஒப்பித்தார்கள். வாழைப்பழத் தோல் உக்கும், பொலித்தீன் உக்காது, குப்பையை வேறாக்க வேண்டும், சூழலைக் காக்க வேண்டும். ஒரு பதில் கூடத் தப்பில்லை. ஒப்பித்து முடித்த கையோடு யது என்கிற பையன் ஒரு டொபி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு தாளை ஜன்னலுக்கு வெளியே விட்டான்.

"யது, அது என்ன?"

"உக்காத குப்பை, ரீச்சர்."

அவனைச் சொல்லி என்ன? திருச்சியில் எங்கள் வீட்டுப் பின்வாசலில் ஒரு வாய்க்கால் ஓடியது. பத்து வயதிலிருந்து அதில் வீட்டுக் குப்பையைக் கொட்டியது நான்தான். மழைக்காலத்தில் வாய்க்கால் அடைத்துக்கொண்டு, கொட்டியது எல்லாம் நடுக்கூடத்துக்கே திரும்பி வரும். அப்பா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு நகராட்சியைத் திட்டுவார். நாங்களும் சேர்ந்து திட்டுவோம். வெயில் வந்ததும் மறுபடி கொட்டுவோம். எங்கள் பள்ளிக்கூடத்திலும் சுற்றுச்சூழல் பாடம் இருந்தது. நான் நல்ல மார்க் வாங்கியிருக்கிறேன்.

ஆகவே புத்தகத்தை மூடினேன். அடுத்த ஞாயிறு எல்லோரும் கடற்கரைக்கு வாருங்கள் என்றேன்.

3

இரண்டு தகப்பன்மார் துணைக்கு வந்தார்கள். ரயில் போனபிறகு பாதையைக் கடந்தோம். அங்கே ராணி அக்கா வேலை செய்துகொண்டிருந்தார். கொட்டாஞ்சேனையில் இருந்து விடியற்காலை பஸ் பிடித்து வந்து எங்கள் தெருக்களையும் கடல் ஓரத்தையும் கூட்டுகிறவர். எங்கள் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு விளக்குமாற்றை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"என்னா மிஸ், பட்டாளத்தோட வந்திருக்கீங்க. இன்னைக்கி எனக்கு லீவா?"

"நீங்க உட்காருங்க அக்கா. இன்னைக்குப் பிள்ளைங்க செய்வாங்க."

"செய்யட்டும், செய்யட்டும். வெள்ளிக்கிழம நீங்க எல்லாம் பூச பண்ணிட்டா, சனிக்கிழம காலைல பிரசாதம் எனக்குத்தான்."

என்ன பிரசாதம் என்று பிள்ளைகள் கேட்டார்கள். பாறை இடுக்கைக் காட்டினார். அங்கே பைகள். சோற்றுப் பார்சல் தாளும் போத்தலும் கப்பும் கலந்து கிடந்த குப்பைக்கு நடுவே, இறுக்கிக் கட்டிய பைகள் தனியாகத் தெரிந்தன.

"குப்பப் பைய யாரும் இப்பிடிக் கட்டமாட்டாங்க. சாமிப் பைன்னாத்தான் இந்த முடிச்சு. சாமி அவுத்துக்கிட்டு வீட்டுக்கே திரும்பி வந்துரும்னு பயம் போல."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ராணி அக்கா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஏன் என்று யது கேட்டான். "உள்ளார சாமி படம் இருக்கும்ல மகன்? செருப்புக் காலோடயா தொடுறது?" என்றார். பிறகு ஒரு பையை எடுத்து முடிச்சை அவிழ்த்தார். அது பூ என்று சொன்னால்தான் தெரியும். கறுப்புச் சகதி. விளக்குத் திரியும் எண்ணெயும் கற்பூரப் பெட்டியும் ஊறிக் கிடந்தன. நாற்றம் தாங்காமல் இரண்டு பிள்ளைகள் ஓடிப்போனார்கள்.

"இத முடிச்சோட குடுத்தா லொறியில ஏத்த மாட்டானுங்க. பூ வேற, பை வேற பிரிச்சுத் தரணும். ஒண்ணொண்ணா நான்தான் அவுக்கணும். நான் பாக்காதத கடல் கொண்டுபோகும். மழைக் காத்து அடிச்சா கடல் அப்படியே திருப்பிக் குடுக்கும்."

நான் பத்து வாரம் கத்தினாலும் ஏறாத பாடம் அங்கே ஏறியது. பூ மண்ணில் கிடந்தால் மண்ணாகிப் போகும், பைக்குள் கிடந்தால் இப்படித்தான் ஆகும் என்று அவர்களே சொல்லிக்கொண்டார்கள். சஹானா என்ற சிறுமி ஒரு யோகட் கப்பைத் தூக்கிப் பார்த்தாள். தேங்கிய மழைத் தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன. போன வருடம் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தவள் அவள்.

"ரீச்சர், இதுவோ என்னைக் கடிச்சது?"

"இல்லடி, இதின்ட அக்கா" என்றான் யது.

சஹானா சிரிக்கவில்லை. கப்பைக் கவிழ்த்துவிட்டு அடுத்த கப்பைத் தேடப் போனாள். அதன்பிறகு அவள் கையில் இருந்து ஒரு கப்பும் தப்பவில்லை.

அப்போதுதான் யது ஒரு பையை இழுத்துக்கொண்டு வந்தான். தடித்த பிளாஸ்டிக். நாய் ஒரு பக்கத்தைக் கிழித்திருந்தது. உள்ளே காய்ந்த மாலை, தேங்காய் மூடி, சாமிப் படம் போட்ட பழைய கலண்டர், ஊறிப்போன ஒரு சின்னப் புத்தகம்.

"ரீச்சர், திருச்சி எண்டு போட்டிருக்கு. உங்கட ஊரெல்லோ?"

துணிக்கடைப் பை. என் தங்கை வந்தபோது சேலை வைத்துக் கொண்டுவந்தது. வெள்ளவத்தை முழுக்கத் தேடினாலும் அந்தப் பை இன்னொரு வீட்டில் இருக்காது.

பதினான்கு பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "யாரோ இந்தியாவுக்குப் போய் வந்தவங்க போட்டிருப்பாங்க."

ஆதிரை பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

4

அன்று மாலை வீட்டில் தேநீர் குடிக்கும்போது ஆதிரை அவள் அப்பா முன்னால் கேட்டாள்.

"அம்மா, நீங்க ஏன் பொய் சொன்னனீங்கள்?"

"என்ன பொய்?" என்றார் குகன், என் கணவர்.

"எங்கட பை கல்லுக்க கிடந்தது. நாய் இழுத்திருந்தது. அம்மா வேற ஆக்கள் போட்டது எண்டு சொன்னவ."

எங்கள் வீட்டு வழக்கம் இதுதான். வெள்ளிக்கிழமை சாமி அறையைத் துடைத்து, வாடிய பூவை எல்லாம் பையில் போட்டுக் கட்டி வைப்பேன். சனிக்கிழமை காலை நடக்கப் போகும்போது அவர் கொண்டுபோய்க் கடலில் போட்டுவிடுவார். சாமிப் பூவைக் குப்பைக் கூடையில் போடாதே என்று என் அம்மா எனக்குச் சொல்லியிருந்தார். இவருக்கும் இவருடைய அம்மா அதையே சொல்லியிருந்தார். சாம்பாரில் இருந்து சண்டை வரைக்கும் ஒத்துவராத இரண்டு குடும்பமும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருந்தது.

"கடலுக்குத்தானே போட்டது. குப்பைக்குள்ள போடேல்லையே. நீர் ஏன் இதைப் பெரிசாக்கிறீர்?" என்றார்.

"நான் பெரிசாக்கலைங்க. உங்க மகள்தான் கேக்குறா. அவளுக்குச் சொல்லுங்க."

அவர் அவளைப் பார்த்தார். தேநீரை ஊதினார்.

ஆதிரை விடவில்லை. "அந்தப் புத்தகத்தில செல்வமணி அன்ரின்ட முகம் இருந்தது. நான் கண்டனான்."

அது நினைவு மலர். இங்கே தமிழர் வீடுகளில் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாள் வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அட்டையில் இறந்தவர் படம், உள்ளே தேவாரம், வாழ்க்கைக் குறிப்பு, பேரப்பிள்ளைகளின் கவிதை. பன்னிரண்டு வருடத்தில் எங்கள் அலமாரியில் ஒரு தட்டு முழுக்கச் சேர்ந்துவிட்டது. வைத்திருக்க இடமில்லை. கூடையில் போடவும் மனம் வராது. மீன் செதிலுக்கும் வெங்காயத் தோலுக்கும் நடுவில் ஒரு முகத்தை எப்படிப் போடுவது? போன மாதம் அலமாரியை ஒழித்தபோது மேலாக இருந்த ஒன்றைப் பூவோடு சேர்த்துக் கட்டினேன். அது யாருடையது என்று பார்த்துத்தான் கட்டினேன். கடலுக்குப் போகிறது, மரியாதையாகத்தானே போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

என்னை மண்டபத்துக்கு இழுத்துப்போன அன்ரி. அவர் முகத்தைத்தான் நாய் இழுத்திருக்கிறது.

5

அடுத்த ஞாயிறு வகுப்பில் முதல் வேலையாகச் சொன்னேன். "அந்தத் திருச்சிப் பை என் வீட்டுப் பை. கட்டினது நான். போன வாரம் உங்ககிட்ட பொய் சொன்னேன்."

யதுதான் முதலில் கேட்டான். "அப்ப உங்களுக்கு எத்தனை மார்க்ஸ், ரீச்சர்?"

"முட்டை."

வகுப்பு கூரை பிய்ந்துவிடும்போல் சிரித்தது. ஆதிரை கூடக் கொஞ்சம் சிரித்தாள். வருடாந்தப் பரிசளிப்பு விழாவுக்கு ஒரு பெரிய பலகை செய்வது என்று பிள்ளைகள் முடிவு செய்தார்கள். கடற்கரையிலும் தெருவிலும் எடுத்ததைக் கழுவிக் காயவைத்து அதில் ஒட்டுவது, எங்கே எடுத்தது, எப்படிக் கெடுத்தது என்று எழுதுவது. கப்புக்குக் கீழே கொசுவின் கதை. சாக்கடையில் இருந்து இழுத்த தாளுக்குக் கீழே தெருவில் வெள்ளம் நின்ற கதை. நட்ட நடுவில் என் பை. அதற்குக் கீழே சஹானா கொட்டை எழுத்தில் எழுதினாள்: "உள்ளே இருந்தவை: மாலை, தேங்காய் மூடி, கலண்டர், நினைவு மலர் ஒன்று. போட்டவர்: எங்கட ரீச்சர்."

நினைவு மலரை மட்டும் ஒட்ட விடவில்லை. அதை வீட்டில் காயவைத்து ஒரு வெள்ளைத் துணியில் சுற்றி வைத்திருந்தேன்.

விழாவுக்கு மூன்று நாள் முன்பு மகாதேவா அங்கிள் மண்டபத்துக்கு வந்தார். பலகையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி வரியாக வாசித்தார். கப்புக் கதைக்குத் தலையாட்டினார். நடுவில் வந்து நின்றார்.

"நினைவு மலரோ? யாரின்டை, பிள்ளை?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அட்டை ஊறிப்போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். ஒரு முறை பொய் சொல்லி ஒரு வாரம் என் மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் இருந்தது போதும்.

"அன்ரியோடது, அங்கிள்."

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். உட்காரவில்லை.

"ஏன் அப்பிடிச் செய்தனீர்?"

"குப்பைக் கூடையில போட மனசு வரலை."

"கடலுக்குப் போட மனம் வந்ததோ?"



புத்தகத்தைக் கேட்டார். வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்துவந்து கொடுத்தேன். துணியைப் பிரித்துப் பார்த்தார். ஒட்டிக்கொண்ட பக்கங்களை நகத்தால் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு, "பலகையை எடுத்துப்போடும். விழாவில இது வேண்டாம்" என்றார்.

"என்னைத் திட்டுங்க அங்கிள். எவ்வளவு வேணும்னாலும் பேசுங்க. உங்க தமிழ்ல பேசுறதுன்னா திட்டுறதுதானே. செஞ்சது நான். ஆனா பலகை பிள்ளைங்களோடது. எடுக்க மாட்டேன்."

"எங்கட ஆக்கள் எல்லாரின்டை வீட்டையும் நீர் சந்திக்குக் கொண்டுவாறீர்."

"என் வீட்டை மட்டும்தான் கொண்டுவந்திருக்கேன். மத்தவங்க பேர் ஒண்ணும் அதில இல்லை."

அவர் புத்தகத்தை மார்போடு வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று மாலை சபைச் செயலாளர் போன் செய்தார். சுற்றி வளைத்தார். பெற்றோர் மனம் நோகக்கூடும் என்றார். சாமி விஷயம் என்றார். கடைசியில், "நீங்கள் விசாவில இருக்கிற ஆள், தேவையில்லாத பிரச்சினைக்குள்ள போகாதையுங்கோ" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது. "சார், விசாவில இருக்கிறவ போட்ட குப்பையும் உங்க கடல்லதான் கிடக்கு, உங்க குப்பையும் அங்கேதான் கிடக்கு. ராணி அக்கா அவிழ்க்கும்போது பாஸ்போர்ட் கேக்குறதில்லை" என்று சொல்லிவிட்டு வைத்தேன்.

குகன் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் இல்லையென்று நினைக்காதீர்கள். அந்த ஞாயிற்று வகுப்பைத் தவிர இந்த ஊரில் எனக்கென்று ஒன்றும் கிடையாது. அதைப் பிடுங்கிவிட்டால் மறுபடி ஜன்னல்தான். அவருக்கும் அது தெரியும். "பலகை பாரமெல்லோ. விழா அண்டைக்குத் தூக்கிறதுக்கு நானும் வாறன்" என்று மட்டும் சொன்னார்.

6

தூக்க வேண்டிய அவசியம் வரவில்லை. விழா அன்று போய்ப் பார்த்தால் பலகை வைத்த இடத்திலேயே இருந்தது. அதன் மேல் மேடைக்குக் கட்டும் சிவப்புத் துணியைப் போட்டு மூடி, முன்னால் பூச்சாடி வைத்திருந்தார்கள். பிள்ளைகள் பட்டும் சட்டையுமாகப் போட்டுக்கொண்டு வந்து அந்தத் துணியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. இப்போது மூடி வைத்தால் இந்தப் பிள்ளைகள் படிக்கப்போகிற பாடம் ஒன்றுதான்: பெரியவர்கள் குப்பையைச் சுத்தம் செய்ய மாட்டார்கள், கட்டி மறைப்பார்கள்.

பூச்சாடியை ஓரத்தில் வைத்தேன். துணியை இழுத்தேன். குகன் அதை மடித்து நாற்காலியில் வைத்தார். செயலாளர் மேடையில் இருந்து இறங்கி வந்தார். அதற்குள் தாய்மார்கள் பலகை முன்னால் கூடிவிட்டார்கள். தன் பிள்ளை எழுதியதைத் தேடாத தாய் உண்டா? வாசித்தார்கள். நடுப் பையில் வந்து நின்றார்கள். ஒருவர் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டார். இருவர் ஒருவர் காதில் ஒருவர் ஏதோ சொன்னார்கள். செயலாளர் அந்தக் கூட்டத்தில் இருந்து பலகையை எடுக்க முடியாமல் நின்றார்.

"இது யாரின்டை பை?" என்று ஒரு பெண் கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் ஆதிரை சொன்னாள். "எங்கட."

குனியவில்லை, குரல் தாழவில்லை. பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி உப்புக் கேட்கிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள்.

அந்தப் பெண் என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "அப்ப சாமிப் பூவை எங்க போடுறது, மிஸ்? நாங்களும் உப்பிடித்தான் செய்யிறம்."

"பையை அவிழ்த்துட்டு, பூவை மரத்தடியில, இல்லாட்டி பூந்தொட்டி மண்ணுல போடுங்க. பையைக் கழுவி வீட்டுலயே வைங்க."

"மாடியில எங்க மரம்? மண்ணில போட்டாலும் மிதிபடுமெல்லோ, பாவமெல்லோ?"

"கல்லு இடுக்குல நாய் இழுக்குதே, அது பாவமில்லையா? தொட்டி இல்லாட்டி எங்க வீட்டுக்குக் கொண்டாங்க. பால்கனியில நாலு தொட்டி இருக்கு. போதலைன்னா அஞ்சாவது வாங்குறேன்."

அப்போதுதான் பின்னால் அவர் நிற்பதைக் கவனித்தேன். மகாதேவா அங்கிள். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது. செயலாளர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார், ஒரு கையசைப்புக்குக் காத்திருப்பதுபோல. அங்கிள் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பெண்ணிடம்தான் சொன்னார்.

"அவ சொல்லுறதைக் கேளுங்கோ. பூவைக் குடுங்கோ. ஆனா புத்தகம் ஒண்டும் குடுத்துப்போடாதையுங்கோ."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. முன்வரிசையில் போய் உட்கார்ந்தார், பலகைக்கு நேர் எதிரில்.